கொத்தனார் சொன்ன தொகை நியாயமா? டேப்பை எடுங்க!

சத்தியமங்கலத்தில் இருக்கும் பழைய வீட்டைப் புதுப்பிக்கச் சேமிப்பை எடுத்து வைத்திருக்கிறீர்களா? ‘மொத்தமா இவ்வளவு ஆகுமுங்க’ என்ற ஒற்றை வரி எஸ்டிமேட்டுக்குத் தலையாட்டிவிடாதீர்கள்.

முதலில் அளவு. 10-க்கு 12 அடி அறை, உயரம் 10 அடி என்றால் நான்கு சுவர்களும் சேர்த்து 440 சதுர அடி. 3-க்கு 7 கதவையும் 4-க்கு 4 ஜன்னலையும் கழித்தால், பூச்சு வேலை 403 சதுர அடி. ஜன்னல் ஓரங்களுக்குக் கொஞ்சம் கூடலாம். 500 என்று எழுதியிருந்தால் காரணம் கேளுங்கள்.

அடுத்து விலை. கூலி, பொருள் இரண்டையும் தனித்தனியே எழுதி வாங்கி, பொதுப்பணித்துறையின் விலைப்பட்டியலோடு ஒப்பிடுங்கள். சிமென்ட் ஜி.எஸ்.டி 2025 செப்டம்பர் 22 முதல் 28-லிருந்து 18 சதவிகிதமாகக் குறைந்திருக்கிறது. பழைய விலையில் கணக்குப் போட்டிருந்தால் திருத்தச் சொல்லுங்கள்.

கடைசியாக, உடைக்கும் கூலியும் இடிபாடு அள்ளும் வண்டி வாடகையும் அந்தத் தொகைக்குள் அடங்குமா? வேலை தொடங்கும் முன்பே கேட்டுவிடுங்கள்.