ஓதலும் ஒப்பித்தலும்

கொரிய மொழியில் ‘வெயுதா’ என்றொரு வினைச்சொல் உண்டு. நெஞ்சில் இருத்துதல், இருத்தியதை வாயாற் சொல்லுதல் ஆகிய இரண்டையும் அவ்வொரு சொல்லே உணர்த்தும். பெருக்கல் வாய்பாட்டைக் கொரியர் ‘குகுதன்’ என்பர். நாம் ஐயுருபு சேர்ப்பதுபோல் அவர்களும் உருபு சேர்த்துக் ‘குகுதனுல் வெயுதா’ என வினையை இறுதியில் வைப்பர்.

தமிழில் மனப்பாடம் செய்தல் வேறு; ஒப்பித்தல் வேறு. ஆயினும் ‘ஓது’ என்னும் பழஞ்சொல் இரண்டனையும் தழுவும். உரக்கச் சொல்லிச் சொல்லியே மனத்திற் பதித்தல் ஓதலாம். ‘ஓதுவார்’ என்ற பெயரும் இதனின்று பிறந்ததே.

இக்கருத்து சிங்கப்பூர்த் தமிழர்க்கு இன்றியமையாதது. 2020ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்குப்படி, ஐந்து வயதும் அதற்கு மேற்பட்டவருமான சிங்கப்பூர்வாசிகளுள் வீட்டில் தமிழையே மிகுதியாகப் பேசுவோர் ஆயிரவருக்கு ஏறத்தாழ 25 பேரே. தேர்வுக்கென உருப்போட்ட குறள் தேர்வோடு மறையும். வீட்டிலும் சிராங்கூன் சாலையிலும் வாய்விட்டு வழங்கும் சொல்லே பிள்ளையின் நெஞ்சில் நிலைக்கும்.