பயிரும் கந்தகச் சத்தும்

பொன்னேரி வட்டாரத்தில் நெல்லும் வேர்க்கடலையும் பயிரிடும் நம் அங்கத்தினர்கள் தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து ஆகிய மூன்றையும் நன்கு அறிவர். கந்தகச் சத்தைக் கருதுவோர் சிலரே. அது குறையுமாயின் யூரியாவிற்குச் செலவிடும் பணமும் வீணாகும். அஃது எவ்வாறு என்பதை ஈண்டு விளக்குவோம்.

பயிரின் வேர் மண்ணிலுள்ள கந்தகத்தைச் சல்பேட் என்னும் உப்பாகவே ஏற்கிறது. இதற்கெனத் தனி வாயில்கள் வேரில் உண்டு. இலைக்குச் செல்லும் சல்பேட், கதிரவன் ஒளியின் ஆற்றலால் மாறிச் சிஸ்டீன் என்னும் பொருளாகிறது. புரதம் உண்டாவதற்கு இஃது இன்றியமையாதது. சிஸ்டீனிலிருந்து குளுட்டாத்தியோன் என்னும் பொருளும் பிறக்கிறது.

குளுட்டாத்தியோன் போதிய அளவு சேர்ந்தால், வேரின் வாயில்கள் குறைகின்றன. இலையில் நிகழும் மாற்றமும் தணிகிறது. பற்றாக்குறை நேர்ந்தால் வாயில்கள் பெருகுகின்றன. சேமிப்பிலுள்ள சல்பேட்டும் வெளிவருகிறது. இவ்வாறு பயிர் வரவறிந்து செலவு செய்கிறது. ஆனால் மண்ணிலேயே சத்து இல்லையெனில் வாயில்கள் பெருகி யாது பயன்?

தறியில் பாவு எத்துணை நீளமாயினும் ஊடு இன்றேல் துணி இல்லை. அவ்வாறே, தழைச்சத்து எவ்வளவு இட்டாலும் கந்தகம் இன்றேல் அது புரதமாவதில்லை.

முன்னாளில் இக்குறை அரிது. அம்மோனியம் சல்பேட்டில் நூற்றுக்கு 24 பங்கும், இராணிப்பேட்டையில் 1906 முதல் செய்யப்பெற்ற சூப்பர் பாஸ்பேட்டில் சுமார் 11 பங்கும் கந்தகம் உண்டு. நமக்கு அண்மையிலுள்ள மணலியில் 1971-இல் யூரியா உற்பத்தி தொடங்கியது. யூரியாவில் தழைச்சத்து 46 பங்கு. கந்தகம் சிறிதும் இல்லை. டி.ஏ.பி. உரமும் அத்தகையதே.

இரு குறைகளிலும் பயிர் மஞ்சளாகும். தழைச்சத்து குறைந்தால் அடியிலைகள் முதலில் மஞ்சளாகும். பயிர் அச்சத்தை முதிர்ந்த இலையிலிருந்து தளிருக்கு எளிதில் மாற்றிக்கொள்வதே காரணம். கந்தகம் அவ்வளவு எளிதில் இடம்பெயராது. ஆதலின் தளிரே முதலில் வெளிறும். இரும்புச்சத்துக் குறைவிலும் தளிர் வெளிறுமாதலின், மண்ணைப் பரிசோதித்து உறுதிசெய்தல் நலம்.

வேர்க்கடலைக்கு 40 முதல் 45 நாட்களுக்குள், மண் அணைக்கும்போது ஏக்கருக்கு 160 கிலோ ஜிப்சம் இடலாம். அது காய்க்கு வேண்டிய சுண்ணாம்புச் சத்தையும் அளிக்கும். நெல்லுக்கு யூரியாவின் ஒரு பகுதிக்கு ஈடாக அம்மோனியம் சல்பேட் இடலாம். ஆனால் வடிகாலற்று நீர் நெடுநாள் தேங்கும் வயலில் சல்பேட் நச்சுவாயுவாக மாறி வேரைக் கருக்கும். அவ்வயலுக்கு அது தகாது.

ஆதலின், பயிர் மஞ்சளானதும் யூரியா மூட்டையைப் பிரிக்குமுன், மஞ்சளானது அடியிலையா தளிரா என்று நோக்குவீராக.