லா ஸ்காலா: ஓர் அரங்கின் இருக்கைகளும் அதன் சமூக வரலாறும்

ஓர் அரங்கினுள் எவர் எவ்வாயிலால் நுழைந்தனர், எவர் எங்கே அமர்ந்தனர், எவர் நின்றுகொண்டு பார்த்தனர் என்னும் வினாக்களுக்குக் கலை வரலாற்றாசிரியர்கள் பெரிதும் இடமளிப்பதில்லை. ஆயினும், கலைக்கும் வர்க்க சமுதாயத்துக்குமுள்ள உறவு இவ்வினாக்களின் விடைகளிலேயே தெளிவாகப் புலப்படுகின்றது. இத்தாலியின் மிலான் நகரிலுள்ள லா ஸ்காலா இசைநாடக அரங்கின் வரலாறு இதற்குச் சிறந்த சான்றாகும்.

பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மிலான் ஒஸ்திரிய ஆட்சியின் கீழ் இருந்தது. 1776 பெப்ரவரியில் அந்நகரின் பழைய அரங்கு தீக்கிரையாயிற்று. அதில் தனிமாடங்களை உடைமையாக வைத்திருந்த செல்வக் குடும்பங்கள் புதிய அரங்கொன்றை வேண்டின. சாந்தா மரியா அல்லா ஸ்காலா என்ற தேவாலயம் இருந்த நிலத்தில், ஜுசெப்பே பியர்மரீனி என்னும் கட்டடக்கலைஞரின் திட்டப்படி அது எழுந்தது. தேவாலயத்தின் பெயரே அரங்குக்கும் வழங்கலாயிற்று. 1778 ஓகஸ்ட் 3 ஆம் திகதி சாலியெரியின் இசைநாடகத்துடன் அரங்கு திறக்கப்பட்டது.

கட்டடச் செலவு தனிமாடங்களின் விற்பனையால் ஈடுசெய்யப்பட்டமை மனங்கொள்ளத்தக்கது. மாடத்தை வாங்கியவர் அதனைத் தமது வீட்டின் ஓர் அறைபோன்று அலங்கரித்தார், அங்கே விருந்தினரை வரவேற்றார், உணவருந்தினார். அரங்கின் முன்கூடத்தில் சூதாட்டமும் நடைபெற்றது. கீழ்த்தளத்திலோ இருக்கைகள் இருக்கவில்லை. அங்கு வந்தோர் நின்றவாறே பார்த்தனர். எல்லாவற்றுக்கும் மேலே, கூரையை அண்டி, ‘லொஜோனே’ எனப்படும் மேல்மாடி வசதி குறைந்தோர்க்குரியதாயிற்று. அவர்கள் பக்கவாயிலால் நுழைந்து தனிப் படிக்கட்டு வழியே ஏறினர். ஒரே கூரையின் கீழ் ஒரே இசையைக் கேட்டோர் ஒருவரையொருவர் எதிர்கொள்ளாதவாறு கட்டடமே பார்த்துக்கொண்டது.

இங்கு ஒரு முரண் தோன்றுகின்றது. மேல்மாடியிலிருந்தோரே இசையை மிக நுணுக்கமாக அறிந்த, தயவு தாட்சணியமற்ற விமர்சகராகப் பெயர்பெற்றனர். நாவல் பிற ஐரோப்பிய நாடுகளில் வகித்த இடத்தை இத்தாலியில் ஓரளவு இசைநாடகமே வகித்தது என்பது கிராம்ஷியின் கணிப்பு. 1842 இல் இவ்வரங்கில் முதன்முதலாக மேடையேறிய வேர்டியின் ‘நபுக்கோ’ பிற்காலத்தில் தேசிய ஐக்கிய உணர்வின் குறியீடாகக் கொள்ளப்பட்டது. எனவே, இசைநாடகம் உயர்குடியினரின் பொழுதுபோக்கு மட்டுமே என ஒதுக்கிவிடுதல் வரலாற்றுக்குப் பொருந்தாது. உடைமை சிலரிடமும் இரசனை பலரிடமும் இருந்தமையே இங்குள்ள சிக்கலாகும்.

இம்முரண் பொதுப்பணம் பற்றிய வாதத்தில் வெடித்தது. மாடங்கள் தனியார் சொத்தாக இருக்க, அரங்கினை நடத்த மாநகரசபை மானியம் வழங்கிவந்தது. 1897 இல் அம்மானியம் நிறுத்தப்பட, அரங்கு மூடப்பட்டது. அது மூடிக்கிடந்த காலத்திலேயே, 1898 மே மாதத்தில், பாண் விலையேற்றத்தை எதிர்த்து வீதிக்கிறங்கிய மிலான் மக்கள்மீது இராணுவம் பீரங்கி கொண்டு தாக்கிப் பலரைக் கொன்றது. அவ்வாண்டு டிசெம்பரில் தனவந்தரின் ஆதரவுடன் அரங்கு மீண்டும் திறக்கப்பட்டது. பாண் கேட்டோர்க்குக் குண்டு கிடைத்த நகரில், மாடங்களின் உரிமையாளருக்கு மானியம் எதற்கு என்ற வினா வெறும் கலைவிரோதமன்று.

விடை 1920 இல் ஒருவாறு கிட்டியது. எமிலியோ கல்தாரா என்னும் சோஷலிச முதல்வரின் தலைமையிலிருந்த மாநகர நிருவாகமும் இசைநெறியாளர் தொஸ்கானினியும் மேற்கொண்ட முயற்சியின் பயனாக, அரங்கு தன்னாட்சி கொண்ட பொது நிறுவனமாக்கப்பட்டது. பரம்பரை மாடவுரிமை முடிவுக்கு வந்தது. பின்னர் 1943 ஓகஸ்டில் குண்டுவீச்சினாற் சிதைந்த அரங்கு விரைந்து மீளக் கட்டப்பட்டது. பாசிசத்தை எதிர்த்து நாட்டைவிட்டு நீங்கியிருந்த தொஸ்கானினியே 1946 மே 11 ஆம் திகதி மீள்திறப்பு இசைநிகழ்ச்சியை நெறிப்படுத்தினார்.

உடைமை மாறியதாற் பார்வையாளர் வர்க்கம் உடனே மாறிவிடவில்லை. 1968 டிசெம்பர் 2 இல், சிசிலியின் அவோலாவில் கூலியுயர்வு கோரிய விவசாயத் தொழிலாளர் இருவரைப் பொலிசார் சுட்டுக்கொன்றனர். ஐந்து நாட்களின் பின் நிகழ்ந்த லா ஸ்காலாவின் பருவத் தொடக்க இரவில், விலையுயர்ந்த உரோம அங்கியணிந்து வந்தோர்மீது மாணவர் முட்டை வீசினர். அவோலாத் தொழிலாளரின் பெயரால் அவர்களுக்கு இன்பப்பொழுது வாழ்த்தும் பதாகையையும் ஏந்தினர். 1972 இல் நிருவாகப் பொறுப்பேற்ற பாவோலோ கிராசியும் இசைநெறியாளர் அபாடோவும் தொழிலாளர்க்கும் மாணவர்க்கும் எனத் தனி நிகழ்ச்சிகளை நடத்தியமையை இப்பின்னணியிலேயே விளங்கிக்கொள்ள வேண்டும்.

இன்று ஏறக்குறைய 2,000 பேர் அமரத்தக்க இவ்வரங்கு, 2002 முதல் 2004 வரை விரிவாகப் புதுப்பிக்கப்பட்டது. பாடற்பிரதியையும் அதன் மொழிபெயர்ப்பையும் வாசிக்க உதவும் சிறு திரைகள் அப்போது இருக்கைகளிற் பொருத்தப்பட்டன. அருகிலுள்ள அரும்பொருளகம் 1913 இல் தொடங்கியது. அதற்கு வருவோர், ஒத்திகை நடைபெறாத வேளைகளில் ஒரு மாடத்திலிருந்து அரங்கினுட்புறத்தைக் காணலாம். முன்னர் பரம்பரைச் சொத்தாயிருந்த மாடத்தில் இன்று சாதாரண நுழைவுச்சீட்டுடன் எவரும் நிற்கமுடிகிறது. இளைஞர்க்கெனக் குறைந்த கட்டணத்தில் முன்காட்சியும் நடத்தப்படுகிறது. ஆனால் டிசெம்பர் 7 ஆம் திகதித் தொடக்க இரவின் சிறந்த இருக்கைகளின் விலை 2,000 யூரோவுக்கும் மேலாகும்.

பகலில் மாடத்தை எட்டிப்பார்க்கும் உரிமை ஒன்று. இரவில் அங்கிருந்து இசை கேட்கும் உரிமை வேறொன்று. இவ்விரண்டுக்குமிடையே எஞ்சியிருக்கும் தூரத்தை அளவிடாது, அரங்கு பொதுமக்களுக்குரியதாகிவிட்டது எனக் கூறுதல் பொருந்தாது.