உருளைக்குள் அடைபட்ட காற்று எத்தனை நாள் தாங்கும்?

தற்போது ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றப்பட்டுள்ள போர்ட் பிளேரின் வணிக வாழ்வு, மணிக்கூண்டு நிற்கும் அபர்டீன் பஜாரைச் சுற்றியே நடைபெறுகிறது. ஸ்வராஜ் தீவுக்கும் சிடியாடாப்புக்கும் ஸ்கூபா முக்குளிப்புக்குச் செல்லும் பயணிகளில் பலர் இக்கடைத்தெருவைக் காணாமல் திரும்புவதில்லை. தென்மேற்குப் பருவமழை தொடங்கிக் கடல் கொந்தளிக்கும்போது இத்தொழில் தளர்கிறது. காற்று நிரப்பிய உருளைகள் கிடங்கில் வாரக்கணக்கில், சில வேளைகளில் மாதக்கணக்கில் நிற்கின்றன. 2020ஆம் ஆண்டு ஊரடங்கின்போது சுற்றுலாவே நின்றுபோனது. அடைத்து வைத்த காற்றுக்குக் காலாவதி நாள் உண்டா என்னும் வினா இத்தொழில் செய்வோருக்கு மட்டுமன்றி, விடுமுறையில் கடலடியைக் காண விரும்பும் நம் வாசகர்களுக்கும் உரியது.

உருளையில் இருப்பது தூய ஆக்சிஜன் என்று பலரும் கருதுகின்றனர். அது நாம் சுவாசிக்கும் அதே காற்றுதான். 78 விழுக்காடு நைட்ரஜன், 21 விழுக்காடு ஆக்சிஜன், எஞ்சியது ஆர்கான் முதலியன. பாலைப்போல் அது புளிப்பதில்லை. கனமான வாயு அடியிலும் இலேசானது மேலேயும் பிரிந்து தங்குவதும் இல்லை. 32 விழுக்காடு ஆக்சிஜன் கலந்த நைட்ராக்ஸ், ஓராண்டு கழிந்தாலும் 32 விழுக்காடாகவே இருக்கும். ஈரமற்ற, தூய காற்று, ஈரமற்ற அலுமினிய உருளையில் ஆண்டுக்கணக்கில் கெடாது.

கெடுப்பது ஈரம். அதிலும் எஃகு உருளைக்குள் கடல்நீர் சிறிது புகுந்தாலும் போதும். கடலடியில் காற்று முழுவதும் தீரும்வரை சுவாசித்தால் வால்வு வழியே நீர் உட்புகக்கூடும். உருளையைச் சற்று அழுத்தத்துடனேயே மேலே கொண்டுவர வேண்டும் என்பது இதனால்தான். உட்சுவர் துருப்பிடிக்கும்போது, துரு காற்றிலுள்ள ஆக்சிஜனை உண்கிறது. கப்பலின் நங்கூரச் சங்கிலி அறையைத் திறந்தவுடன் உள்ளே இறங்கலாகாது என்று மாலுமிகளை எச்சரிப்பதும் இக்காரணத்தாலேயே.

கணக்கிட்டுப் பார்த்தால் வியப்பான செய்தி ஒன்று புலப்படும். 12 லிட்டர் உருளையில் 200 பார் அழுத்தத்தில் காற்று நிரம்பியிருந்தால், அதன் ஆக்சிஜன் முழுவதையும் தீர்க்க ஏறத்தாழ ஒன்றரை கிலோ இரும்பு துருவாக வேண்டும். அதே உருளையில் 10 பார் மட்டுமே மிஞ்சியிருந்தால், 40 கிராம் இரும்பு துருவானாலே ஆக்சிஜன் பாதியாகிவிடும். நிரம்பிய உருளையைவிட, மூலையில் மறந்துபோன அரைகுறை உருளையே அஞ்சத்தக்கது. படகின் விசிறியில் சிக்கிய கயிற்றை அறுக்கச் சில நிமிடங்களுக்குத்தானே என்று எடுக்கப்படுவதும் பெரும்பாலும் அதுவே.

ஆக்சிஜன் குறைந்த காற்றுக்கு மணமில்லை. மூச்சுத் திணறலும் தோன்றாது. திணறலை உண்டாக்குவது உடலில் சேரும் கரியமில வாயு. அதுவோ வழக்கம்போல் வெளியேறிக்கொண்டிருக்கும். 20 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் மும்மடங்கு ஆதலால், 7 விழுக்காடு ஆக்சிஜன்கூட அங்கே போதுமானதாகும். மேலே ஏறிவரும்போதுதான் நினைவு தவறும். கீழே நலமாக இருந்தவர் கரையருகே மூழ்கும் விபரீதம் இது.

நிரப்பும்போதே கெட்ட காற்று, காத்திருப்பதால் நல்லதாகிவிடாது. மின்சாரத்துக்கு டீசலைப் பெரிதும் நம்பியுள்ள இத்தீவுகளில், ஜெனரேட்டரின் புகைக்குழாய் அருகே கம்ப்ரசரின் உறிஞ்சுவாய் இருந்தால் கார்பன் மோனாக்சைடு உட்புகும். 30 மீட்டர் ஆழத்தில் அதன் வீரியம் நான்கு மடங்காகும். ஐரோப்பியத் தரநிலை பத்து இலட்சத்தில் 5 பங்குக்கு மேல் அதை அனுமதிப்பதில்லை.

நீண்ட காலம் நின்ற உருளையின் காற்றை மெதுவாக வெளியேற்றி, உட்புறத்தை விளக்கொளியில் பார்த்து, புதிதாக நிரப்புவதே முறை. புதுக்காற்றின் விலை சொற்பம். ஆக்சிஜன் அளவைக் காட்டும் கையடக்கக் கருவி ஒன்று இருந்தால் ஒரு நிமிடத்தில் ஐயம் தீரும். ஆண்டுக்கொரு முறை உட்பார்வையும், பொதுவாக ஐந்தாண்டுக்கொரு முறை நீரழுத்தச் சோதனையும் வழக்கம். நாக்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட பெட்ரோலியம் மற்றும் வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பு, 2016ஆம் ஆண்டின் வாயு உருளை விதிகளின்கீழ் இவற்றைக் கண்காணிக்கிறது.

முக்குளிப்புத் தொழிலுக்குக் கடன் கேட்போரின் உபகரணங்களைப் பார்வையிடும்போது நாங்கள் உருளைகளின் எண்ணிக்கையோடு நிறுத்திக்கொள்வதில்லை. கழுத்தருகே பொறிக்கப்பட்ட சோதனைத் தேதியையும் படிக்கிறோம். பயணத்துக்கு வரும் விருந்தினரும் அதைக் கேட்டுப் பார்க்கலாம். நல்ல நிறுவனத்தார் முகம் சுளிப்பதில்லை. உருளையைத் திருப்பிக் காட்டுகிறார்கள்.