தோலில் ஊறிய மை

துணியில் பட்ட கறைக்கு மருந்து சொல்ல ஊத்துக்குளி வட்டாரத்தில் ஆள் தேட வேண்டியதில்லை. திருப்பூர்ப் பனியன் துணியை வெளுப்பதும் சாயமேற்றுவதும் இப்பக்கத்து மக்கள் கண்டும் கேட்டும் பழகிய தொழில்கள். அந்தப் பழக்கத்தினாலேயே, சட்டைப்பையிலிருந்த பேனா கசிந்து மணிபர்ஸில் நீலம் படிந்தவுடன், பிளீச்சிங் பவுடரையோ சலவைச் சோடாவையோ வெந்நீரையோ நாடிக் கை போகிறது. தோலுக்கு அதனினும் பெரிய கேடு வேறில்லை. பருத்தி செல்லுலோஸ், தோலோ கொலாஜன் என்னும் புரதம். குளோரின் அந்தப் புரதத்தையே அரித்துவிடும். பதனிட்ட தோல் சுபாவத்தில் சற்று அமிலத்தன்மை உடையதாகையால், சோடாவின் காரம் அதன் பதத்தைக் கெடுத்து விறைக்கச் செய்யும். பட்டையால் பதனிட்ட தோல் ஏறத்தாழ 70 முதல் 85 டிகிரி செல்சியஸ் சூடுள்ள நீரில் சுருங்கிப் போகும்.

இவ்வூர் மேட்டு நிலங்களில் தானே முளைத்து மஞ்சளாகப் பூக்கும் ஆவாரஞ்செடி இருக்கிறதே, அதன் பட்டையும் கடுக்காயும் தமிழ்நாட்டில் தோல் பதனிட நெடுங்காலம் உதவியவை. அவற்றிலுள்ள டானின் என்னும் துவர்ப்புச் சத்து கொலாஜன் இழைகளைப் பிணைத்து அழுகாமல் காக்கிறது. பால்பாயிண்ட் மையில் பல சமயம் சேரும் கிரிஸ்டல் வயலட் போன்ற சாயங்கள் பருத்தியில் தாமாக நிலைப்பவையல்ல. ஆகவே 19-ஆம் நூற்றாண்டுச் சாயக்காரர்கள் துணியை முதலில் டானின் கரைசலில் தோய்த்து, ஆன்டிமனி உப்பினால் அதனை நிலைப்படுத்திய பின்னரே சாயமிட்டார்கள். அவர்கள் அரும்பாடுபட்டுத் துணிக்கு ஊட்டிய அந்தச் சத்து, பட்டையால் பதனிட்ட தோலில் முன்னமே நிறைந்திருப்பதால், மை பட்டவுடன் அங்கே சாயமேற்றும் காரியமே நடந்து விடுகிறது! கடுக்காயும் அன்னபேதி என்னும் இரும்பு உப்பும் கூட்டிச் செய்த பழைய கறுப்பு மையின் இரசாயனமும் இதற்கு உறவுடையது. ஈர இரும்பு பட்டாலே இத்தகைய தோல் கறுத்துப் போவது, டானினும் இரும்பும் கூடி அவ்விடத்திலேயே மையாகி விடுவதனால்தான்.

ஆனால் இன்று கடைகளில் கிடைக்கும் பர்ஸுகள் பெரும்பாலும் குரோமிய உப்பினால் பதனிட்டு, மேலே நிறப்பூச்சு ஏற்றப்பட்டவை. எது எவ்வகை என்று அறிய, மறைவான ஓரத்தில் ஒரு சொட்டு நீர் விட்டுப் பார்க்கலாம். உடனே ஊறினால் பூச்சில்லாத தோல். ஊறாமல் நின்றால், புதிய மையைத் தேய்க்காமல் ஒற்றி எடுத்து, சிறிது சோப்பு நுரையால் துடைத்துப் பார்த்து, அதற்கும் போகாவிட்டால், பஞ்சில் மிகச் சிறிது ஸ்பிரிட்டைத் தோய்த்து, முதலில் உட்புறத்தில் சோதித்து, பின்பு கறையின் விளிம்பிலிருந்து உள்நோக்கி ஒற்ற வேண்டும். பஞ்சில் மையோடு பர்ஸின் நிறமும் ஏறத் தொடங்கினால் அக்கணமே நிறுத்துவது உத்தமம். அசிட்டோன் கலந்த நகப்பூச்சு நீக்கி கூடவே கூடாது. அது பூச்சையே கரைத்துவிடும். வீட்டில் இருக்கிறதென்று வெண்ணெயைத் தடவுவோரும் உண்டு. அக்கொழுப்பு உள்ளே ஊறிச் சிக்குநாற்றம் வீசும்.

பூச்சில்லாத தோலிலோ ஸ்பிரிட் மையைக் கரைத்து இன்னும் ஆழத்துக்குக் கொண்டு போகுமாதலால், அதைத் தொடாமல் விட்டு, தோல் வேலை அறிந்தவரிடம் கொடுத்துப் பொருள் முழுவதற்கும் கருஞ்சாயம் ஏற்றச் சொல்வதே என் அபிப்பிராயத்தில் நல்ல பரிகாரம். அந்தச் சாயத்தையும் அதே தோல் இறுகப் பிடித்துக் கொள்ளும்.