டைல்சில் ஒரு ஓட்டை. பர்சில் பல ஓட்டை!

பிட்டைக் கொல்வது சுவரா? சூடா?

தூத்துக்குடி:
புது பாத்ரூமில் சோப்பு டப்பா மாட்ட வேண்டும். தேவை ஒரே ஒரு ஓட்டை. டிரில்லிங் மிஷின் வருகிறது. "கிர்ர்ர்" என்று சத்தம், கருகல் வாடை. ஐந்து நிமிஷம் கழித்துப் பார்த்தால் டைல்சில் விழுந்தது கீறல் மட்டும். பிட்டின் முனையோ நீலம் பாரித்துக் கிடக்கிறது!

அடுத்த பிட்டை மாட்டி ஓங்கி அமுக்கினால் "படக்!" டைல்ஸ் இரண்டு துண்டு. அதே டிசைனைத் தேடிக் கடை கடையாக அலைய வேண்டும்.

"அண்ணாச்சி, ஆறு எம்.எம்.மில் ஒரு பிட்டு குடுங்க" என்று கேட்டு வாங்குகிறவர்கள்தான் அதிகம். எந்தச் சுவருக்கு என்று சொல்வதில்லை. வம்பு அங்கேதான் ஆரம்பம்.

ஆள் மாறாட்டம்!

பார்வைக்குப் பிட்டுகள் எல்லாம் ஒரே ஜாதி. குணம் வேறு வேறு.

இரும்புக்கும் மரத்துக்கும் உள்ள ஹைஸ்பீடு ஸ்டீல் பிட்டு டைல்சிடம் தோற்றுப்போகும். சிமெண்ட் சுவருக்குக் கார்பைடு முனை வைத்த பிட்டு வேண்டும். 1926ல் ஜெர்மனியின் குரூப் கம்பெனி இந்த டங்ஸ்டன் கார்பைடுக்கு வைத்த பெயர் "விடியா". "வைரம் போல" என்று அர்த்தம். நம் நாட்டுப் பட்டறைகளில் இன்றைக்கும் அந்தப் பெயர் வழங்குகிறது.

பாத்ரூம் சுவரின் சாதா செராமிக் டைல்சுக்கு ஈட்டி முனை கார்பைடு பிட்டு போதும். தரையில் போடும் விட்ரிஃபைடு டைல்சுக்கு அது ஆகாது. வைரத்தூள் பதித்த குழாய் பிட்டுதான் சரி.

உங்கள் டைல்ஸ் எந்த ரகம்? உடைந்த துண்டு ஒன்றின் பின்பக்கம் தண்ணீர் விடுங்கள். மளமளவென்று உறிஞ்சினால் செராமிக். அப்படியே நின்றால் விட்ரிஃபைடு. அது தன் எடையில் நூற்றுக்கு அரைப் பங்கு தண்ணீர்கூடக் குடிக்காது.

பூச்சு மெத்து, மணல் கெட்டி!

"பூச்சுதானே, எந்த பிட்டும் போகும்" என்று நினைப்பவர்களும் ஏமாறுகிறார்கள். கடினத்தை 1 முதல் 10 வரை அளக்கும் கணக்கில் ஜிப்சம் 2, சுண்ணாம்பு 3. ஆனால் பூச்சில் கலந்த மணலுக்கு 7! கார்பைடு ஏறக்குறைய 9, வைரம் 10. சுவர் பொலபொலவென்று உதிர்ந்தாலும் அதிலுள்ள மணல் உப்புத்தாள் மாதிரி முனையைத் தேய்த்துக்கொண்டே இருக்கும்.

நம் கடலோரத்துப் பழைய வீடுகளில் பவளக்கல் சுவரும் சுண்ணாம்புக் காரையும் உண்டு. அங்கே மிஷினை ஹாமரில் வைத்தால் சின்ன ஓட்டை பெரிய பொந்தாகிவிடும்.

2023 டிசம்பர் 17, 18 வெள்ளத்தை யாரும் மறக்கவில்லை. காயல்பட்டினத்தில் மட்டும் 24 மணி நேரத்தில் 95 செ.மீ. மழை! தண்ணீர் தேங்கிய சுவர்களில் பூச்சு உப்பி, டைல்சுக்குப் பின்னால் பொள்ளல் விழும். துளைக்கும் முன் விரல் கணுவால் தட்டிப் பாருங்கள். "டொக் டொக்" என்று காலியாக ஒலித்தால் அந்த இடத்தைத் தொடாதீர்கள். பின்னால் பிடிப்பில்லாத டைல்ஸ் எளிதில் விரிந்துவிடும்.

கொலையாளி சிக்கினான்!

பிட்டைக் கொல்லும் முதல் ஆசாமி சூடு. வேகமாகச் சுற்றி, பலமாக அமுக்கினால் சூடு ஏறும். பற்றாசு இளகிக் கார்பைடு முனை கழன்று விழும். வைரமும் தப்பாது. அதுவும் ஒருவகைக் கரிதானே! காற்றில் 700 டிகிரி சூட்டை நெருங்கினால் கெட ஆரம்பித்துவிடும்.

மருந்து? தண்ணீர்! இது நம் கடற்கரைக்குப் புதிதல்ல. மன்னார் வளைகுடாவில் முத்துக் குளித்த காலத்தில் முத்துத் துளைப்பவர்கள் வில்லால் ஊசியைச் சுழற்றுவார்கள். பக்கத்தில் சிரட்டையில் தண்ணீர். விரலால் தொட்டுத் தொட்டு முத்தை நனைத்துக்கொண்டே துளைப்பார்கள். இலங்கைக் கரையில் இதை நேரில் பார்த்த ஜேம்ஸ் கார்டினர் 1807ல் வெளிவந்த தன் நூலில் எழுதியிருக்கிறார். தூத்துக்குடியில் 1961க்குப் பிறகு முத்துக் குளிப்பு நின்றுபோனது. அந்தப் பாடம் நிற்கவில்லை.

செய்ய வேண்டியது இதுதான்: ஹாமரை அணையுங்கள். மெதுவான வேகம் வையுங்கள். குழாய் பிட்டைச் சற்றுச் சாய்த்துத் தொடங்கி, தடம் விழுந்ததும் நிமிர்த்துங்கள். முதலிலிருந்தே ஈரம் இருக்கட்டும். காய்ந்து சிவந்த கார்பைடு முனையைத் தண்ணீரில் முக்கினால் விண்டுபோகும். டைல்சைத் தாண்டியதும் கார்பைடு பிட்டுக்கு மாறுங்கள்.

வைர பிளேடு வெட்டாமல் வழுக்கினால் உடனே தூக்கி எறியாதீர்கள். சொரசொரப்பான செங்கலில் இரண்டு இழுப்பு இழுத்தால் புதைந்திருக்கும் வைரம் வெளியே வரலாம். ஒரே அடுக்காக வைரத்தூள் முலாம் பூசிய மலிவு ரகத்தில் அது நடக்காது; அடுக்கு போனால் பிட்டு காலி!

உப்புக் காற்றும் ஒரு எதிரி. வேலை முடிந்ததும் பிட்டைத் துடைத்து, எண்ணெய் தடவி, டப்பாவில் போட்டு மூடி வையுங்கள்.

உயிர் ஜாக்கிரதை!

பிட்டு போனால் கடையில் வாங்கலாம். ஆள் போனால்?

4 இஞ்ச் கிரைண்டர் நிமிஷத்துக்கு 11,000 சுற்று சுற்றுகிறது. அதன் பிளேடு ஓரம் பறக்கும் வேகம் மணிக்கு 200 கிலோ மீட்டருக்கு மேல்! காப்பு மூடியைக் கழற்றிவிட்டு வெட்டுவது தற்கொலைக்குச் சமம்.

ஈரக் கையோடு மிஷினைத் தொடாதீர்கள். 30 மில்லி ஆம்பியரில் துண்டிக்கும் பாதுகாப்பு சுவிட்ச் வீட்டில் இருக்கிறதா என்று பாருங்கள். தண்ணீரைப் பிட்டின் முனைக்கு மட்டும் காட்டுங்கள்; மோட்டாருக்குக் காட்டாதீர்கள்.

எல்லாவற்றையும்விடப் பொல்லாதது தூசி. டைல்சையும் பூச்சையும் காய வெட்டும்போது பறக்கும் சிலிக்கா நுரையீரலில் தங்கினால் சிலிக்கோசிஸ் வரும். அதைக் குணமாக்க மருந்து கிடையாது. மூக்கில் துண்டைக் கட்டினால் அந்த நுண்தூள் நிற்காது. அதற்கென்று உள்ள மாஸ்க் வேண்டும்.

உங்கள் வீட்டில் ஒரு நாள்தான் வேலை. கொத்தனாருக்கும் சித்தாளுக்கும் தினம் தினம் அதே தூசி. ஒரு வாளி தண்ணீரும் ஆளுக்கொரு மாஸ்க்கும் கொடுத்த பிறகு மிஷினை ஓட்டச் சொல்லுங்கள். பிட்டும் நிலைக்கும், ஆளும் நிலைப்பார்!