‘டீன்’ என்பவர் யார்?

புதிதாக வந்து சேரும் தம்பிமார் ஆண்டுதோறும் என்னிடம் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்றுண்டு: “அண்ணா, இங்கே எத்தனை டீன்கள்தாம் இருக்கிறார்கள்?” கேள்வியில் நியாயம் இருக்கிறது. தமிழ்நாட்டு மாணவனுக்கு டீன் என்றதும் அரசு மருத்துவக் கல்லூரியே நினைவுக்கு வரும். அங்கே டீன் ஒருவரே. கல்லூரிக்கும் அதனோடு சேர்ந்த மருத்துவமனைக்கும் அவரே தலைவர். இங்கோ கலைக்கு ஒரு டீன், அறிவியலுக்கு ஒரு டீன், மாணவர் நலத்துக்கு வேறொரு டீன்!

ஆங்கில இலக்கியம் பயில்வோரின் குழப்பம் வேறு வகையானது. ‘கலிவரின் பயணங்கள்’ எழுதிய ஜோனதன் ஸ்விஃப்டை ‘டீன் ஸ்விஃப்ட்’ என்று நூல்கள் குறிப்பிடுகின்றன. எந்தக் கல்லூரிக்கு டீன்? எந்தக் கல்லூரிக்கும் அல்லர். டப்ளின் நகரத்துப் புனித பாட்ரிக் பேராலயத்துக்கு 1713 முதல் 1745-இல் மறையும்வரை அவர் டீனாக இருந்தார். கவிஞர் ஜான் டன்னும் அவ்வாறே. 1621 முதல் 1631 வரை லண்டன் புனித பவுல் பேராலயத்தின் டீன் அவர். ஆகவே இச்சொல் கோயிலிலிருந்து கல்லூரிக்கு வந்த சொல் என்பது விளங்கும்.

சொல்லின் வேர் இன்னும் எளியது. இலத்தீனில் ‘தெக்கெம்’ என்றால் பத்து. பத்துப் பேருக்குத் தலைவன் ‘தெக்கானுஸ்’. உரோமானியப் படையில் ஒரு கூடாரத்து வீரர்களுக்குத் தலைவனாக இருந்தவனுக்கு இப்பெயர் வழங்கியது. விவிலியத்தின் யாத்திராகமத்தில் மோசேக்கு அவருடைய மாமனார் ஒரு யோசனை சொல்கிறார்: எல்லா வழக்குகளையும் நீ ஒருவனே தீர்க்க முயலாதே, ஆயிரம் பேருக்கு, நூறு பேருக்கு, ஐம்பது பேருக்கு, பத்துப் பேருக்கு என்று தலைவர்களை ஏற்படுத்து. இலத்தீன் விவிலியம் அந்தப் பத்துப் பேர் தலைவனையும் இச்சொல்லாலேயே குறிக்கிறது.

ஆறாம் நூற்றாண்டில் துறவி மடங்களுக்கு ஒழுங்கு வகுத்த புனித பெனடிக்ட், மடம் பெரிதானால் பத்துப் பத்துப் பேருக்கு ஒரு டீனை நியமிக்கச் சொன்னார். அவர் விதித்த நிபந்தனைகள் சிந்திக்கத்தக்கவை. வரிசையில் மூத்தவர் என்பதற்காக ஒருவரை நியமிக்கலாகாது. நல்லொழுக்கமும் அறிவுமே அளவுகோல். பதவி வந்ததும் செருக்கு வந்துவிட்டால் மூன்று முறை கண்டிக்க வேண்டும். அதன்பின்னும் திருந்தாவிட்டால் நீக்கிவிட வேண்டும். பதினைந்து நூற்றாண்டுகளுக்கு முன்பே இத்துணைத் தெளிவு!

பின்னர்ப் பேராலயங்களில் இப்பதவி உயர்ந்தது. இங்கிலாந்துத் திருச்சபையில் பேராலயம் ஆயரின் இருக்கையுள்ள இடம். ஆயினும் அன்றாட வழிபாட்டையும் நிருவாகத்தையும் குருமார் குழுவோடு சேர்ந்து நடத்துபவர் டீன். வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தின் டீனோ எந்த ஆயருக்கும் கட்டுப்பட்டவரல்லர். நேரே அரசருக்குப் பொறுப்புடையவர். கத்தோலிக்கத் திருச்சபையில் கர்தினால்கள் குழுவுக்கு ஒரு டீன் உண்டு. போப்பாண்டவரைத் தேர்ந்தெடுக்கும் கூட்டத்துக்குத் தலைமை தாங்குவது அவர் பொறுப்பு. 2005-இல் டீனாக இருந்த இராட்சிங்கரே போப்பாண்டவராகத் தேர்வானார். 80 வயது கடந்தவர் அத்தேர்தலில் புக முடியாதாகையால், 2025-இல் டீன் வெளியே நிற்க, கர்தினால் பரோலின் தலைமை தாங்கினார்.

இதே சொல் பிரெஞ்சு வழியாக ‘துவாயேன்’ என்றாகித் தூதர்களிடையே வழங்குகிறது. ஒரு தலைநகரில் நெடுங்காலம் பணிபுரியும் தூதர் தூதர் குழுவின் மூத்தவராவார். பல கத்தோலிக்க நாடுகளில் மட்டும் போப்பின் தூதருக்கு அவ்விடம் மரபாக உரியது. முதுமை வேண்டாம், தகுதி போதும் என்றார் பெனடிக்ட். அவர் ஆண்ட சொல்லே பின்னாளில் மூத்தவருக்குப் பெயராயிற்று. சொற்களின் வாழ்க்கை இப்படித்தான் போலும்.

பல்கலைக் கழகத்துக்குள் டீன் நுழைந்தது பதின்மூன்றாம் நூற்றாண்டுப் பாரிஸில். அங்கே இறையியல், சட்டம், மருத்துவம் ஆகிய புலங்கள் தத்தமக்கென டீன்களைக் கொண்டிருந்தன. ஆக்ஸ்ஃபோர்டின் கிறைஸ்ட் சர்ச் கல்லூரியில் பழைய இரட்டை வேடம் நெடுங்காலம் நிலைத்தது. கல்லூரித் தலைவரும் பேராலயத் தலைவரும் ஒருவரே. ‘அற்புத உலகில் ஆலிஸ்’ கதைக்குக் காரணமான சிறுமி அத்தகைய ஒரு டீனின் மகள்தான். ஆக்ஸ்ஃபோர்டின் மற்றக் கல்லூரிகள் பலவற்றில் டீன் என்பவர் மாணவர் ஒழுங்கைக் கவனிப்பவர். கேம்பிரிட்ஜிலோ பெரும்பாலும் கல்லூரித் தேவாலயத்தைக் கவனிப்பவர்.

இந்தியப் பல்கலைக் கழகங்களில் இருவகை டீன்களை நாம் முக்கியமாகக் காண்கிறோம். புலத்தின் டீன், பாடத்திட்டம், தேர்வு, ஆராய்ச்சி ஆகியவற்றைப் பார்ப்பவர். பல இடங்களில் மூத்த பேராசிரியர்கள் முறைவைத்து இப்பொறுப்பை ஏற்கின்றனர். மாணவர் நல டீன், சங்கங்கள், உதவித் தொகை, குறைகள் முதலியவற்றைக் கவனிப்பவர். அறைக் கதவுகளில் இந்தி எழுத்தைக் கூட்டிப் படிப்பவர்களுக்கு ஒரு குறிப்பு: ‘சங்காயாத்யக்ஷ’ என்றிருந்தால் முன்னவர், ‘அதிஷ்டாதா’ என்ற சொல்லோடு மாணவர் நலமும் எழுதியிருந்தால் பின்னவர். தமிழிலே புலமுதன்மையர் என்கிறோம். இலங்கைத் தமிழர் பீடாதிபதி என்பர்.

இது வெறும் சொல்லாராய்ச்சி அன்று. உதவித் தொகைக்கான விண்ணப்பம் புல அலுவலகத்தில் இரு வாரம் உறங்கிக் கிடந்து, கடைசி நாள் கடந்தபின் “இது எங்களுடையதல்ல” என்று திரும்பிய கதை நம்மவரிடையே உண்டு. அந்த மாணவனின் தந்தை அப்பருவக் கட்டணத்தைக் கடன் வாங்கிக் கட்டினார். எந்தக் கதவு எதற்கு என்பதை முதல் வாரத்திலேயே அறிந்துகொள்ளுங்கள். மனுவின் நகலில் தேதியிட்டுக் கையொப்பம் வாங்கிக்கொள்ளுங்கள்.

கதவைத் தட்டத் தயங்கவும் வேண்டா. பத்துப் பேரை முகமறிந்து, பெயரறிந்து காப்பவன் என்பதே அப்பதவியின் முதற்பொருள். இன்று அவர் பொறுப்பில் பல்லாயிரம் பேர் இருக்கலாம். எல்லாரையும் அவராகச் சென்று அறிதல் இயலாது. நாமே சென்று நம் பெயரைச் சொல்லுவோம். அந்தப் பத்துப் பேரில் ஒருவராக நம்மை எண்ணும்படி கேட்பதற்கு, அப்பதவியின் பெயரே நமக்கு உரிமை தருகிறது.